நான்காவது புகை

கதவைத் தட்டக் கையைத் தூக்கிய அந்தப் பெண், தட்டாமல் அப்படியே நின்றிருந்தாள். ஆறிப்போன டீயைத் தெருவில் ஊற்றக் கதவைத் திறந்த சோடா, மயிரிழையில் அவள் மேல் ஊற்றாமல் தப்பினான்.

"மன்னிச்சிடுங்கம்மா. வர்றவங்களை நாங்க வழக்கமா இப்படி வரவேற்கிறதில்ல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை.

சோடாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மூக்குக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் சோடாபுட்டி. அது தேய்ந்து சோடா ஆனது. போர் தொடங்கியதும் படையில் சேரப் போனான். கண் பரிசோதனையில், எழுத்துப் பலகையை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சேர்த்திருந்தா நம்ம பிளேன், அவங்க பிளேன்னு பாரபட்சமே பார்த்திருக்க மாட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். அன்று அவளிடம் அதைச் சொல்லாமல் இருந்தது அவன் செய்த புண்ணியம்.

உள்ளே துப்பறிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். காவல் துறையில் மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அதை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினால் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"சொல்லுங்கம்மா."

"என் வீட்டுக்காரர் விமான எதிர்ப்புப் படையில இருக்காரு. நாலாம் பீரங்கிக்குத் தலைவர். போன வாரம் சாயங்காலம் எதிரி பிளேன் வந்துச்சே, அன்னிக்கு நாலு பீரங்கியும் சுட்டுக்கிட்டிருந்தப்ப இவர் மட்டும் 'நிறுத்து'ன்னு சொல்லிட்டாராம். மேலிடத்து உத்தரவு இல்லாம. எதிரி தலைக்கு மேல நிக்கும்போது."

"காவல்ல வச்சிருக்காங்களா?"

"ஆமாங்க. நாளைக்குக் காலையில விசாரணை. கோழைத்தனம்னு முடிவானா சுட்டுடுவாங்களாம்."

"ஏன் நிறுத்தினார்னு நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிறாரு."

"வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"தம்பி. அம்மா போனப்ப அவன் கைக்குழந்தை, நான்தான் வளர்த்தேன். அவனும் அதே பீரங்கியிலதான் வேலை பார்க்கிறான்." சேலை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். "ஒரு பொண்ணு இருந்தா. அன்னிக்கு எங்க ஓட்டு மேல குண்டு விழுந்துச்சு."

சோடா கையிலிருந்த டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தான்.

"நான் என்ன கண்டுபிடிக்கணும்?" என்றார் துப்பறிவாளர் மெதுவாக.

"அவர் ஏன் நிறுத்தினாரு. அது மட்டும்."

அவள் போன பிறகும் துப்பறிவாளர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மட்டும்னு சொல்லிட்டுப் போறாங்க, சோடா. கவனிச்சியா?"

"கவனிச்சேன், பாஸ். ஆனா என்னன்னுதான் புரியல."

"எனக்கும் புரியல. கிளம்பு."

*

ஊர் கடலுக்கும் மலைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. மலை உச்சியில் கடலைப் பார்த்தபடி கரையோரக் காவலின் பெரிய பீரங்கிகள். கப்பல் வந்தால்தான் அவற்றுக்கு வேலை. அடிவாரத்தில் மணல் மூட்டைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்தபடி நான்கு பீரங்கிகள். இரண்டு படைக்கும் அதிகாரி வேறு, சமையல்கூடம் வேறு, கோபதாபமும் வேறு. பொதுவாக இருந்தது முகாமுக்கு வெளியே இருந்த டீக்கடை ஒன்றுதான்.

கட்டளை நிலையத்தில் தொலைபேசி பார்க்கும் பெண் அங்கே டீ குடிக்க வந்திருந்தாள். காதில் கருவியை மாட்டி மாட்டி, மாட்டாத நேரத்திலும் தலையை ஒரு பக்கம் சாய்த்தே பேசினாள்.

"அவரு நல்ல மனுஷன் சார். கோழைன்னு சொன்னா நாக்கு அழுகிடும்."

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லுங்க, எங்களுக்குப் பீரங்கி பத்தி ஒண்ணும் தெரியாது."

"எங்க நிலையத்துல ஒருத்தர் பிளேன் எவ்வளவு உயரத்துல வருதுன்னு அளப்பாரு. அதைக் கருவியில போட்டா ஒரு எண் வரும். அந்த எண்ணை நான் போன்ல நாலு பீரங்கிக்கும் சொல்லுவேன். அங்க ஒருத்தர் குண்டோட மூக்கை அந்த எண்ணுக்குத் திருகுவாரு. நாலாம் பீரங்கியில இவரு மச்சினன், அந்தத் தம்பிக்கு அதான் வேலை. அப்புறம் ஒருத்தர் குண்டை உள்ள தள்ளுவாரு. தலைவர் 'சுடு'ம்பாரு."

"எங்க ஆபீஸும் இதே மாதிரிதாங்க" என்றான் சோடா. "இவர் கணக்குப் போடுவாரு, என்னைத் தள்ளுவாரு. வெடிக்கிறது மட்டும் எப்பவும் என் தலையில."

அவள் லேசாகச் சிரித்தாள். துப்பறிவாளர் சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு ஆளுக்கு 'நிறுத்து'ன்னு சொல்ல உரிமை இருக்கா?"

"ஆபத்துன்னா யார் வேணா சொல்லலாம் சார். குண்டு தூக்குறவர்கூடச் சொல்லலாம். காரணத்தை உடனே சொல்லிடணும், அவ்வளவுதான். சரியான காரணம்னா யாரும் ஒண்ணும் கேட்க முடியாது."

"இவர் காரணம் சொல்லலையா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "சொல்ல ஆரம்பிச்சாரு. பிளேன் துறைமுகத்துக்கு மேலயே சுத்திட்டுக் கடல் பக்கம் போயிடுச்சு. உடனே அதிகாரி ஓடிப்போய் 'ஏன்யா நிறுத்தினே'ன்னு கத்தினாரு. இவரு நிமிர்ந்து நின்னு, 'நிறுத்தினேன் சார், ஏன்னா'ன்னு ஆரம்பிச்சாரு. அந்த நேரம் பார்த்து ஊருக்குள்ளேர்ந்து போன். எடுத்தது நான். ஓடிப்போய்ச் சொன்னதும் நான்தான். உங்க வீட்டு மேல விழுந்திருக்கு, பாப்பா போயிட்டாள்னு." காதைத் தடவிக்கொண்டாள். "அவர் வாய் அப்படியே மூடிடுச்சு சார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவர் முடிக்கவே இல்லை."

"அழுதாரா?"

"இல்ல. வானத்தைப் பார்த்தாரு. அப்புறம் பீரங்கியைப் பார்த்தாரு. அப்புறம் மச்சினனைப் பார்த்தாரு. அந்தத் தம்பிதான் சேதி கேட்டதும் கத்திக்கிட்டு வீட்டுக்கு ஓடினது. இவரு நின்ன இடத்துலயே நின்னாரு."

வெளியே வந்ததும் கிராம்பு இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாறியது.

"மகள் செத்துட்டாள்னு கேட்டவன் வீட்டுப் பக்கம் திரும்புவான், சோடா. இவன் பீரங்கிப் பக்கம் திரும்பியிருக்கான்."

*

படைக் குடும்பங்கள் குடியிருந்த தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தது போலிருந்தது. ஒரு வீட்டின் கூரையில் மட்டும் ஓர் இளைஞன் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். அக்காவின் சாயல் முகத்தில் அப்படியே இருந்தது.

"அக்கா சொல்லிச்சு, நீங்க வருவீங்கன்னு" என்றான் இறங்காமலே. "உள்ள வந்து பாருங்க."

உள்ளே, கூரை ஓட்டையிலிருந்து வெயில் ஒரு தூணைப் போல இறங்கித் தரையில் நின்றது. அது நின்ற இடத்தில் தரைக்கல் பிளந்திருந்தது. அந்தப் பிளவைத் தவிர அறையில் வேறு சேதமே இல்லை. அலமாரியில் தட்டுகள் அடுக்கிய மேனிக்கு இருந்தன. சுவரில் கரி இல்லை. கட்டிலின் மேல் ஒரு சின்னச் சட்டை, மடித்து, இன்னொரு சின்னச் சட்டையின் மேல்.

"வெடிக்கலையா?" என்றார் துப்பறிவாளர், ஓட்டையை அண்ணாந்து பார்த்து.

"வெடிக்கல சார். எதிரி போட்ட குண்டு, வெடிக்காம விழுந்துச்சுன்னு சொல்லிட்டு, எங்க ஆளுங்களே வந்து கம்பளியைப் போர்த்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நான் பார்க்கல. நான் வர்றதுக்குள்ள..." மேலே சத்தம் நின்றது. "பாப்பாவை மட்டும்தான் பார்த்தேன்."

சோடா காரை குழைத்த வாளியைத் தூக்கிக் காட்டினான். "தம்பி, இது அந்த ஓட்டையில நுழையுமா?"

"நுழையாது. ஒரு சொம்பு நுழையும், அவ்வளவுதான்."

சோடா வாயைத் திறந்தான். துப்பறிவாளர் அவன் காலை மிதித்தார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அலமாரி ஓரத்தில் மரத்தால் கடைந்த ஒரு கூம்பு இருந்தது. அதன் இடுப்பில் ஒரு பித்தளை வளையம்; வளையத்தில் ஒரு கோடு, கூம்பில் ஒரு கோடு. துப்பறிவாளர் அதை எடுத்தார். தம்பி கூரை ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான்.

"அது பழகுறதுக்குக் கொடுத்தது சார். குண்டோட மூக்கு அப்படித்தான் இருக்கும். அந்த ரெண்டு கோடும் நேரா இருந்தா வெடிக்காது. சாவியைப் போட்டுத் திருகினாத்தான் மேல போய்ச் சொன்ன இடத்துல வெடிக்கும். பாப்பா அதை வச்சுக்கிட்டேதான் சோறு சாப்பிடுவா. நான் எண்ணைச் சொல்லணும், அவ திருகணும். என்னைவிட வேகம்."

"அன்னிக்கு உங்க பீரங்கி எப்படிச் சுட்டுச்சு?"

"தலையைத் தூக்கிப் பார்க்க எனக்கேது நேரம் சார்? திருகிக்கிட்டே இருந்தேன். திடீர்னு அத்தான் நிறுத்துன்னாரு." புது ஓடு ஒன்றை அழுத்திப் பொருத்தினான். வெயில் தூண் ஒரு பக்கம் மெலிந்தது. "அவர் நிறுத்தாம இருந்திருந்தா அந்த பிளேன் குண்டு போட்டிருக்காது. இனிமே அவர் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட வாடான்னுச்சு."

இருவரும் தெருமுனையைத் தாண்டினார்கள்.

"பிளேன் துறைமுகத்தைத் தாண்டி உள்ளயே வரல" என்றான் சோடா. "சொம்பு அளவுக்குக் குண்டு போட யாரும் கடல் தாண்டி வர மாட்டாங்க. அதுவும் எதிரி குண்டை எதுக்குக் கம்பளி போர்த்தி எடுத்துட்டுப் போகணும்? நாலு பேர் பார்க்கட்டும்னு நடுத்தெருவுல வச்சிருப்பாங்களே."

"அன்னிக்கு வானத்தைப் படம் எடுத்தவன் எவனாவது இருப்பானா?"

"ஒருத்தன் இருக்கான், பாஸ். எனக்கு வேண்டியவன்தான். பத்திரிகைக்காரன்."

*

படக்காரரின் இருட்டறையில் ஈரப் படங்கள் கொடியில் தொங்கின. அவர் ஒன்றை மட்டும் அலமாரியின் அடியிலிருந்து உருவினார்.

"தணிக்கைக்காரங்க இதைப் போடக் கூடாதுன்னுட்டாங்க. பீரங்கி இருக்கிற இடம் தெரியுதாம். என்னோட நல்ல படமே இதுதான்."

நல்ல படம்தான். கீழே அடிவாரத்தில் நான்கு பீரங்கி வாயிலும் நெருப்பு. மேலே வானத்தில் முன்பே வெடித்த குண்டுகளின் புகை, கொத்துக் கொத்தாகப் பஞ்சு பிய்த்துப் போட்டது போல. அவற்றுக்கும் மேலே புள்ளி புள்ளியாக விமானங்கள்.

சோடா படத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தான்.

"பாஸ், என் கண்ணைப் பத்தி உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு கொத்துலயும் எனக்கு மூணு மூணு புகைதான் தெரியுது. நாலாவது எங்க இருக்குன்னு நீங்க காட்டுங்களேன்."

துப்பறிவாளர் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உன் கண்ணுல கோளாறு இல்லை, சோடா. நாலாவது இல்லை."

"நாலு பீரங்கியும் சுடுதே."

"சுடுது. ஒண்ணோட குண்டு மட்டும் மேல வெடிக்கல." கிராம்பைக் கடித்துவிட்டார். "மேல வெடிக்காத குண்டு மேலயே நின்னுடாது."

சோடா கண்ணாடியைக் கழற்றினான். இந்த முறை துடைப்பதற்காக அல்ல.

*

காவல் அறை என்பது காலி செய்த ஒரு குண்டுக் கிடங்கு. தடித்த சுவர், உயரத்தில் ஒரு சன்னல். பீரங்கித் தலைவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. அதை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாதவர் போல் ஒடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க மனைவி அனுப்பினாங்க" என்றார் துப்பறிவாளர்.

"போயிடுங்க சார். நான் கோழைதான். எழுதிக்குங்க."

"நீங்க பாதியில விட்ட பேச்சை நான் முடிக்கிறேன். சரியான்னு மட்டும் சொல்லுங்க. 'நிறுத்தினேன் சார், ஏன்னா எங்க குண்டு மேல வெடிக்கல.'"

அவர் திரும்பினார். மறுக்கத்தான் வாயைத் திறந்தார். வந்தது அழுகை. சோடா வாசலுக்குப் போய், வெளியே காவலன் எட்டிப் பார்க்காதபடி அடைத்துக்கொண்டு நின்றான்.

"அவன் மேல தப்பில்ல சார்" என்றார் கடைசியில். "சீக்கிரம் சீக்கிரம்னு கத்தினது நான். எங்க பீரங்கிதான் எப்பவும் முந்திக்கிட்டுச் சுடும். அதுல எனக்கொரு பெருமை. அவன் சாவியை வைக்கிறதுக்குள்ள குண்டைப் பிடுங்கித் தள்ளிட்டாங்க. சத்தத்துலயும் புகையிலயும் அவனுக்கு எது திருகினது, எது திருகாததுன்னு தெரியல. நான் மேல பார்த்தேன். மூணு புகை. அடுத்த தடவையும் மூணு. அப்பவே நிறுத்திட்டேன். அதுக்குள்ள போனது போனதுதானே."

"இதைச் சொன்னா நீங்க தப்பிச்சிடுவீங்க. ஆபத்துன்னா யாரும் நிறுத்தலாம். சட்டம் உங்க பக்கம் இருக்கு."

"அப்புறம் என்ன கேட்பாங்க? வெடிக்காத குண்டு எங்க விழுந்துச்சுன்னு கேட்பாங்க. யாரு திருகினதுன்னு கேட்பாங்க." அவர் குரல் தணிந்தது. "அவன் பாப்பாவைத் தோள்லயே வச்சு வளர்த்தவன் சார். தெரிஞ்சா அன்னிக்கே எதையாவது பண்ணிக்குவான். எம் பொண்டாட்டிக்குப் பொண்ணு போயிட்டா. தம்பியும் போகணுமா?"

"உங்களைக் கோழைன்னு நினைச்சுக்கிட்டே அவங்க வாழணுமா?"

"நினைச்சுக்கட்டும். திட்டுறதுக்கு எதிரி இருக்கான், நான் இருக்கேன். அது போதும் அவளுக்கு. அவ வளர்த்த பையனைத் திட்ட வேண்டாம்."

நிறையக் கொலைகாரர்களைப் பேச வைத்தவர் துப்பறிவாளர். பேசாமல் இருக்க இவ்வளவு நல்ல காரணம் வைத்திருந்த மனிதரை அதுவரை பார்த்ததில்லை.

*

வெளியே, காவலர் பெஞ்சின் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. இவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"தெரிஞ்சுதா?"

"இன்னும் இல்லம்மா" என்றார் துப்பறிவாளர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோடாவின் முகத்தைப் பார்த்தாள். அவன் முகத்தில் எதையும் ஒளித்து வைக்க முடியாது.

"உங்க ரெண்டு பேருக்கும் பொய் சொல்ல வரல" என்றாள். "அவர் சொல்லிட்டாரா?"

துப்பறிவாளர் அப்போதுதான் அவளை முழுமையாகப் பார்த்தார். "அவர் ஏன் நிறுத்தினார்னு மட்டும்தான் நீங்க கேட்டீங்க. அந்தக் குண்டைப் பத்தி ஒரு வார்த்தைகூடக் கேட்கல. எந்தத் தாயும் முதல்ல அதைத்தான் கேட்பா."

"எனக்குத் தெரியும் சார்."

காற்றில் தூக்கின் மூடி லேசாக ஆடியது. அவள் அதை அழுத்தி மூடினாள்.

"அந்தக் குண்டோட அடிப்பக்கம் தரையில குத்தி நின்னுச்சு. மூக்கு மேல பார்த்திருந்துச்சு. பக்கத்துலயே பாப்பா. நான் அவளைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். அப்ப அது என் கண்ணுக்கு நேரா இருந்துச்சு. பித்தளை வளையம். ரெண்டு கோடும் நேரா. அவ தினமும் என் எதிர்ல உட்கார்ந்து திருகி விளையாடினதுதானே. திருகாத மூக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் அவர் பீரங்கியை நிறுத்தினாருன்னு சொன்னாங்க. எந்தப் பீரங்கின்னு புரிஞ்சு போச்சு. யார் கைன்னும் புரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏம்மா எங்ககிட்ட வந்தீங்க?"

"நான் பேசினா தம்பி போயிடுவான். பேசலைன்னா அவர் போயிடுவாரு. எதை விடுறதுன்னு ஒரு வாரமா எனக்குப் புரியல. என்னால முடியாததை வேற யாராவது செஞ்சுடட்டும்னுதான் வந்தேன்." தூக்கை மறு கைக்கு மாற்றினாள். "இன்னொண்ணும் இருந்துச்சு. அவர் பயந்து நிறுத்தினாரா, பார்த்து நிறுத்தினாரான்னு எனக்குத் தெரியணும். அவர்கூட இனிமே இருக்கணும்ல."

"பார்த்துத்தான் நிறுத்தினாரு."

அவள் கண்களை மூடித் திறந்தாள்.

துப்பறிவாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த முற்றத்தில் இரண்டு தடவை போய் வந்தார். "ஒரு வழி இருக்கு. அந்தக் குண்டைக் கம்பளி போர்த்தி எடுத்துட்டுப் போனவங்களுக்கும் அது யாரோட குண்டுன்னு தெரியும். வெளிய சொல்ல அவங்களுக்கும் வெட்கம். நான் படத்தை மட்டும் காட்டுறேன். குண்டு மேல வெடிக்கல, அதனால நிறுத்தினாரு. அதோட முடிச்சிடுவாங்க. எங்க விழுந்துச்சுன்னு அவங்களே கேட்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்து அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னாப் போதும். அதைச் சொல்ல வைக்க உங்களால மட்டும்தான் முடியும்."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தடித்த சுவரையும் மீறி, இரண்டு பேர் சேர்ந்து அழும் சத்தம் மட்டும் கேட்டது. காவலன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பாஸ்" என்றான் சோடா. "இந்தக் கேஸை நாம கண்டுபிடிச்சிருக்க வேண்டாம்."

*

மறுநாள் விசாரணை, துப்பறிவாளர் சொன்ன தடத்திலேயே போனது. பள்ளிக்கூடத்தை மூடிப் படை எடுத்துக்கொண்ட கட்டடம். உயரம் குறைந்த பெஞ்சுகளில் சாட்சிகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஒருவரை அனுமதிப்பார்கள். துப்பறிவாளர் எழுந்து படத்தைக் காட்டினார். கீழே நான்கு நெருப்பு. மேலே மூன்று மூன்றாகப் புகை. தலைமை அதிகாரி அதைப் பார்த்த வேகத்திலேயே கவிழ்த்து வைத்தார்.

"குண்டு வெடிக்கல. அதனால நிறுத்தினேன் சார்" என்றார் பீரங்கித் தலைவர். "வேகமா சுடணும்னு அவசரப்படுத்தினது நான்தான். மத்தவங்க மேல தப்பில்ல."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் அதிகாரி. குரலில் நிம்மதி தெரிந்தது. "சரி. ஒழுங்குக்காகக் குழுவில இருந்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு முடிச்சிடலாம்."

அந்த ஒரு வார்த்தையைத் துப்பறிவாளர் எதிர்பார்க்கவில்லை. தம்பி எழுந்து வந்தான்.

"எல்லாக் குண்டையும் திருகினியா?"

"திருகினேன் சார்னுதான்..." நிறுத்தினான். "அந்தப் படத்தை நான் பார்க்கலாமா?"

மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்காமல் அதிகாரி படத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார்.

அவன் பார்த்தான். மேலே வானத்தை. கீழே நான்காவதாக இருந்த தன் பீரங்கியை. அவன் வலது கை தானாக எழுந்து, காற்றில் ஒரு சாவியைப் பிடித்தது, திருகியது, பாதியில் நின்றது. மறுபடி பிடித்தது, திருகாமலே நின்றது. அறையில் எல்லோரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.

"நாலாவது எங்க சார் விழுந்துச்சு?"

"அது இங்க கேள்வி இல்லை. போய் உட்காரு" என்றார் அதிகாரி.

"எங்க வீட்டு ஓட்டையை நேத்து நான்தான் அடைச்சேன் சார். அளவு சரியா வரணும்னு கையை உள்ள விட்டுப் பார்த்தேன்." அவன் யாரிடமும் கத்தவில்லை. பாடம் ஒப்பிப்பவன் போலச் சொன்னான். "தினமும் அதே அளவைத்தான் சார் கையில பிடிக்கிறேன். கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

பீரங்கித் தலைவர் "டேய்" என்று எழுந்தார். காவலர்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

தம்பி தாழ்வாரத்துப் பக்கம் திரும்பினான். சன்னலுக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அதைக் கண்டதும்தான் அவன் முகம் உடைந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அலுவலகக் காரியம். பீரங்கித் தலைவரின் பதவியைப் பறித்தார்கள், உயிரை விட்டுவைத்தார்கள். இனி அதே படையில் குண்டு தூக்குவார். தம்பியைத் துறைமுகத்துத் தேடுவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவன் கையில் இனி குண்டு வராது. வீட்டில் விழுந்ததைப் பற்றி எந்தக் காகிதத்திலும் ஒரு சொல்லும் ஏறவில்லை.

விசாரணை முடிந்ததும் தம்பி கட்டடத்தின் பின்வாசல் வழியாக வெளியே வந்து, கடல் பக்கம் வேகமாக நடந்தான். துப்பறிவாளரும் சோடாவும் ஓடினார்கள். அதற்கு முன் அக்கா அவனை எட்டிப் பிடித்திருந்தாள். அவன் சட்டையைக் கொத்தாகப் பற்றிக்கொண்டிருந்தாள், தெருவைக் கடக்கும் குழந்தையைப் பிடிப்பது போல.

"விடுக்கா."

"விட மாட்டேன்."

"உனக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே."

அவன் அவளையே பார்த்தான். "அப்புறம் எப்படிக்கா எனக்குச் சோறு போட்டே?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே அதற்கு விடை தேடுபவள் போல யோசித்தாள்.

"உனக்குப் பசிச்சுதே" என்றாள்.

அவன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் குனிந்தாள்; சட்டையை மட்டும் விடவில்லை.

"உன்னை மன்னிச்சிட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. என்னைக்காவது வருமான்னும் தெரியல. அதெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து பார்த்துக்கலாம். எழுந்திரு."

அவர்கள் நடந்தார்கள். கொஞ்சம் பின்னால், யாருக்கும் தெரியாமல் போவதாக நினைத்துக்கொண்டு, துப்பறிவாளரும் சோடாவும் நடந்தார்கள்.

"கேஸ் முடிஞ்சுதே, பாஸ். இன்னும் எதுவரைக்கும் போகணும்?"

"அவன் வீட்டுக்குள்ள போற வரைக்கும்."

அக்கா கதவைத் திறந்துகொண்டு முதலில் உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. தம்பி வாசலில் நின்றான். பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறினார்கள். யாரோ கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அவன் நின்றுகொண்டே இருந்தான். எதிர்ச்சுவரோரம் இரண்டு பேர் மூச்சு விடாமல் நின்றார்கள்.

பிறகு அவன் குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.